இடது குழல், ஒன்பதாவது அங்குலம்

எனக்குத் துப்பாக்கி தெரியாது.
எண்ணூரில் கொதிகலன் குழாய்கள் தெரியும்.
எது இன்னொரு கோடையைத் தாங்கும்,
எது தாங்காது என்று
இருபத்திரண்டு வருடம் கையெழுத்துப் போட்டவன்.
மவுண்ட் ரோடு ஆயுதக் கடை ஜுனைத் பாய்
அதனால்தான் கூப்பிட்டார்.
"சார், இதுவும் ஒரு குழாய்தானே."

பெட்டியைத் திறந்தவர் டாக்டர் மங்கையர்க்கரசி.
மயக்க மருந்து நிபுணர், கீழ்ப்பாக்கம்.
உரிமம் கணவர் பெயரிலிருந்து இவர் பெயருக்கு மாறி
எட்டு மாதம். நோக்கம்: தற்காப்பு.
தேர்தல்தோறும் காவல் நிலையம் போய்
ரசீதோடு திரும்பியதைத் தவிர
இது வேறெங்கும் போனதில்லை.
"கொழுந்தனார் மகன் கேட்கிறான்.
கிளப்பில் ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கணுமாம்.
சுடலாமா, கூடாதா?
ஒரு வரியில் சொல்லுங்க."

இரட்டைக் குழல். பர்மிங்ஹாம் முத்திரை.
இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பட்டையாக்கி
உருளைமேல் சுற்றிச் சுற்றி
அடித்து ஒட்டியது.
எண்ணெய்த் துணியால் துடைத்ததும்
மழை விட்ட பிராட்வேயில்
தேங்கிய நீர்மேல் டீசல் விரிகிற மாதிரி
ஒரு நெளிவு மேலே வந்தது.
அழகாகத்தான் இருந்தது.
நெளிவு ஒவ்வொன்றும் ஓர் ஒட்டு.
எண்ணப் பார்த்தேன்.
அது முடிகிற காரியமா.

ஜுனைத் பாய் குழலை நூலில் தொங்கவிட்டுத் தட்டினார்.
கணீரென்றது. அடங்க நேரமாயிற்று.
"பாத்தீங்களா, கோயில் மணி!"
நடுப்பட்டையின் ஈயப்பற்று விடவில்லை,
அவ்வளவுதான் அந்த ஒலி.
சுவரின் கனம் அதற்குத் தெரியாது.

என் அல்ட்ராசோனிக் கருவியும் குழம்பியது.
இரண்டு உலோகம், ஆயிரம் மடிப்பு;
எதில் பட்டுத் திரும்பினோம் என்று
எதிரொலிக்கே சந்தேகம்.
கடைசியில் நீளக்கை டயல் கேஜை உள்ளே விட்டு
அங்குலம் அங்குலமாகப் போனேன்.

வெளியே, ஆயுத பூஜைச் சந்தனம்
வருடாவருடம் ஈரமாய் உட்கார்ந்த இடத்தில்
மூன்று குழி. பரவாயில்லை,
கண்ணுக்குத் தெரிகிற குழி.
உள்ளே டார்ச் அடித்தால் கண்ணாடி.
அதுதான் பயம்.
துருவை எடுக்கிறேன் என்று எவனோ
சுவரையே தேய்த்து எடுத்திருக்கிறான்.
முத்திரை குத்திய அன்று இருந்த துளை வேறு,
இன்று இருக்கும் துளை வேறு.
அந்த சாட்சி பார்த்த குழல் இது இல்லை.

வலது, எங்கும் புள்ளி எட்டு எட்டு மில்லிமீட்டருக்குக் குறையவில்லை.
இடது, புள்ளி ஒன்பது. புள்ளி எட்டு.
ஒன்பதாவது அங்குலத்தில் புள்ளி நாலு ஒன்று.
கேஜைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
புள்ளி நாலு ஒன்று.

"டயரில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றை இழுத்து
ரெண்டு வெடி வெடிச்சுப் பாத்துடலாமே" என்றார் பாய்.
ரெண்டாவது வரை தாங்கியது என்று தெரியும்.
மூன்றாவது, பையன் கையில்.

எழுதினேன்:
இடது குழலில் சுடக் கூடாது.
வலதில், அளந்த இடங்களில் கனம் உண்டு.
அளக்காத இடங்களைப் பற்றியும்
ஒட்டுகளுக்கு உள்ளே இருப்பதைப் பற்றியும்
இந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை.

"ஒரு வரி கேட்டேன்" என்றார்.
இரண்டு முறை படித்தார்.
"நானும் தினம் காலையில் இதைத்தான் எழுதறேன்.
என்ன, கீழே கையெழுத்து
படுத்திருக்கிறவங்களோடது."

அந்த இடம் எது என்று கேட்டார்.
சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன்.
எடுத்துத் தோளில் வைத்தார்.
வெளியே மெட்ரோக்காரன் தரையைக் குடைந்துகொண்டிருந்தான்,
கண்ணாடி அலமாரி லேசாக அதிர்ந்தது.
யாரும் சொல்லித் தராமலே
இடது உள்ளங்கை முன்னே போய்
அந்தக் கோட்டின்மேல் சரியாக மூடியது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

பிறகு இறக்கி, பெட்டியில் வைத்து,
எவ்வளவு என்றார்.
மூன்றாவது ஐநூறு ரூபாய்த் தாளில்
வெள்ளையாக ஒரு தீற்று
என்னிடம் வந்தது.